மஞ்சப்பையில் நான்கு கேரம் காய்: மரபணு வேறுபாட்டை அணி வைத்து எண்ணுவது எப்படி?

வீட்டில் கேரம் போர்டு இருந்தால் இரண்டு வெள்ளைக் காய், இரண்டு கறுப்புக் காய் எடுத்து ஒரு மஞ்சப்பையில் போடுங்கள். சிவப்பைத் தனியே வைத்துவிடுங்கள், அதற்கு வேலை அப்புறம் வரும். பைக்குள் பார்க்காமல் கையை விட்டு ஒரு காயை எடுத்து, நிறத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, காயைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக் குலுக்குங்கள். இப்படி நான்கு முறை. குறித்தாயிற்றா? இனி பையைக் காலி செய்துவிட்டு, தாளில் இருக்கும் கணக்குப்படி புதிதாக நான்கு காய்களைப் போடுங்கள். வெள்ளை மூன்று, கறுப்பு ஒன்று என்று வந்திருந்தால் மூன்று வெள்ளை, ஒரு கறுப்பு. பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

போன மே மாதம் கரண்ட் போன ஒரு ராத்திரி, திருவல்லிக்கேணி வீட்டு மொட்டைமாடியில் அண்ணன் மகளோடு உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பயோடெக்னாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறாள். "சித்தப்பா, ஜெனிட்டிக்ஸ் புரியுது, நடுவுல திடீர்னு மேட்ரிக்ஸ் வந்துடுது, அங்கேயே நின்னுடறேன்" என்பது அவள் குறை. எனக்கு அந்தக் குறை புதிதல்ல. நான் படித்த காலத்தில் அணியைப் பெருக்கக் கற்றுக்கொடுத்தார்கள், எதற்குப் பெருக்குகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டு ஆட்டம் ஆடினோம். ஒவ்வொன்றிலும் கடைசியில் பை ஒரே நிறமாகிவிட்டது. ஒன்று இரண்டாவது சுற்றிலேயே முடிந்தது, ஒன்று பதினொன்று வரை இழுத்தது. எல்லாம் வெள்ளையாகவோ எல்லாம் கறுப்பாகவோ ஆனபின் எத்தனை முறை கையை விட்டாலும் அதே நிறம்தான், ஆட்டம் செத்துவிட்டது. கவனியுங்கள், வெள்ளை கறுப்பைவிட உசத்தி என்று நாம் எங்கேயும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே எடை, ஒரே அளவு. ஆனாலும் ஒன்று அழிகிறது, மற்றது மொத்த இடத்தையும் பிடிக்கிறது.

காய்க்குப் பதில் மரபணுவை வைத்தால் இதுதான் ரைட்-ஃபிஷர் மாதிரி. இரண்டு உயிரிகள், ஆளுக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகள் (ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து), ஆக நான்கு காய். வெள்ளையும் கறுப்பும் அந்த மரபணுவின் இரண்டு வடிவங்கள், பாடப்புத்தகத்தில் அல்லீல் என்று இருக்கும். ஒரு சுற்று என்பது ஒரு தலைமுறை. பிரிட்டனில் ரொனால்ட் ஃபிஷர் 1930-லும், அமெரிக்காவில் சிவால் ரைட் 1931-லும் இந்தக் கணக்கை எழுதினார்கள். தற்செயலால் மட்டுமே விகிதம் இப்படி ஏறி இறங்குவதற்கு மரபியல் நகர்வு என்று பெயர்.

சரி, அணி எங்கே வருகிறது?

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கப் பரமபதம் ஆடியிருப்பீர்கள். உங்கள் காய் இப்போது ஒரு கட்டத்தில் நிற்கிறது. ஏணியில் ஏறி அங்கே வந்தீர்களா, பாம்பு கடித்து இறங்கி வந்தீர்களா என்பது அடுத்த தாயத்துக்குத் தெரியாது, தேவையும் இல்லை. நிற்கும் கட்டமும் விழப்போகும் எண்ணும் போதும். போன கதையை மறந்துவிடும் இந்தக் குணத்துக்குத்தான் மார்க்கோவ் பண்பு என்று பெயர். ரஷ்யக் கணிதர் ஆந்திரேய் மார்க்கோவ் 1906-ல் தொடங்கிவைத்தது. அவர் மரபியல் பக்கமே போகவில்லை, பின்னாளில் ரஷ்யக் கவிதை ஒன்றின் 20,000 எழுத்துகளை எடுத்து உயிருக்குப் பின் மெய் வருமா உயிர் வருமா என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

நம் பையும் அப்படித்தான். பையில் இப்போது எத்தனை வெள்ளை என்பது தெரிந்தால் போதும், அடுத்த சுற்றின் நிகழ்தகவுகளை எழுதிவிடலாம், மூன்று சுற்றுக்கு முன் என்ன இருந்தது என்பது வேண்டாம். வெள்ளை 0, 1, 2, 3, 4 என்று ஐந்தே நிலைகள். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போக எவ்வளவு வாய்ப்பு என்று ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு எழுதினால் அதுதான் அணி. வேறு ஒன்றுமில்லை. பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் மாறுதல் நிகழ்தகவு அணி என்று படித்தவர்களுக்கு, அதே சாமான்தான் இது.

இரண்டு வெள்ளை இருக்கும்போது ஒவ்வொரு முறை கையை விடும்போதும் வெள்ளை வர பாதி வாய்ப்பு, அதாவது காசு சுண்டுவதுதான். நான்கு முறையும் வெள்ளை வர 16-ல் 1. ஒரு வெள்ளைதான் இருக்கிறதென்றால் ஒவ்வொரு முறையும் கால் வாய்ப்பு, நான்கிலும் வெள்ளை வர 256-ல் 1, ஒன்றுகூட வராமல் போக 256-ல் 81. பள்ளியில் படித்த ஈருறுப்புப் பரவலைத் தவிர இதில் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் 256-க்கு இத்தனை என்று எழுதிவிடுகிறேன், இடது பக்கம் இப்போதைய வெள்ளை, வலது பக்கம் அடுத்த தலைமுறையில் 0, 1, 2, 3, 4 வெள்ளை வருவதற்கான பங்கு:

0 வெள்ளை: 256, 0, 0, 0, 0
1 வெள்ளை: 81, 108, 54, 12, 1
2 வெள்ளை: 16, 64, 96, 64, 16
3 வெள்ளை: 1, 12, 54, 108, 81
4 வெள்ளை: 0, 0, 0, 0, 256

ஒவ்வொரு நிரையையும் கூட்டிப் பாருங்கள், 256 வரும். எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? முதல் நிரையும் கடைசி நிரையும்தான் பரமபதத்தின் கடைசிக் கட்டம், உள்ளே போனால் வெளியே வர வழி கிடையாது. ஏறுமுகத்தில் ஒரு வைகுண்டம், இறங்குமுகத்தில் இன்னொன்று என்று இரண்டு முனை இருப்பது ஒன்றுதான் வித்தியாசம். உறிஞ்சும் நிலை என்பார்கள்.

இப்போதுதான் பெருக்கலுக்கு அர்த்தம் வருகிறது. இரண்டு தலைமுறை கழித்து வெள்ளை அழிந்திருக்க என்ன வாய்ப்பு? முதல் தலைமுறையில் எந்த நிலைக்குப் போயிருந்தாலும் சரி, அங்கிருந்து பூஜ்யத்துக்குப் போகும் வாய்ப்பைப் பெருக்கி, அந்த எல்லா வழிகளையும் கூட்டவேண்டும். வழிகளைப் பெருக்கு, மாற்றுவழிகளைக் கூட்டு. அணிப் பெருக்கல் என்று நம்மை மிரட்டிய அந்த நிரை-நிரல் வித்தை செய்வது இதை மட்டும்தான். அணியைத் தன்னோடு ஒருமுறை பெருக்கினால் இரண்டு தலைமுறை, பத்தாம் அடுக்கு எடுத்தால் பத்துத் தலைமுறை. இரண்டு வெள்ளையில் தொடங்கினால் ஒரு தலைமுறையில் பை ஒரே நிறமாக 8-ல் 1 வாய்ப்பு, இரண்டு தலைமுறைக்குள் அது 4096-ல் 1360, கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று.

சராசரியாக எத்தனை தலைமுறை வேறுபாடு உயிரோடு இருக்கும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நின்று போவோம். செத்துப்போன இரண்டு நிலைகளையும் அணியிலிருந்து வெட்டி எறிந்துவிடுங்கள், நடுவில் மூன்றுக்கு மூன்று மிஞ்சும். இந்தக் குட்டி அணி, 'இன்னும் இரண்டு நிறமும் இருக்கிறது' என்ற உலகத்துக்குள் மட்டும் நடமாடுகிறது. அதன் முதல் அடுக்கு ஒரு தலைமுறை தாங்கும் வாய்ப்பைச் சொல்கிறது, இரண்டாம் அடுக்கு இரண்டு தலைமுறை, இப்படியே. எல்லா அடுக்கையும் முடிவில்லாமல் கூட்டினால் ஒவ்வொரு நிலையிலும் சராசரியாக எத்தனை தலைமுறை தங்குவோம் என்பது வந்துவிடும். முடிவில்லாமல் எப்படிக் கூட்டுவது? பத்தாம் வகுப்புப் பெருக்குத் தொடர் நினைவிருக்கிறதா, ஒன்று, முக்கால், முக்காலில் முக்கால் என்று கூட்டிக்கொண்டே போனால் 1-ஐ (1 - முக்கால்) ஆல் வகுத்தது, அதாவது 4. அதே தந்திரம் அணிக்கும் செல்லும். வகுத்தலுக்குப் பதில் நேர்மாறு: அலகு அணியிலிருந்து குட்டி அணியைக் கழித்து, வந்ததன் நேர்மாறு அணியை எடுங்கள். அடிப்படை அணி என்று அதற்குப் பெயர்.

எடுத்தால், இரண்டு வெள்ளையில் தொடங்கும் ஆட்டம் '2 வெள்ளை' நிலையில் சராசரியாக 2.34 தலைமுறையும், '1', '3' நிலைகளில் தலா 1.10 தலைமுறையும் இருக்கிறது. கூட்டினால் சுமார் 4.55. ஒரு வெள்ளையில் தொடங்கினால் 3.69. எங்கள் பன்னிரண்டு ஆட்டத்தின் சராசரி 4.83 வந்தது. "மிச்சம் எங்க போச்சு சித்தப்பா?" என்றாள். இன்னும் முந்நூறு ஆட்டம் ஆடினால் கிட்டே வரும், கொசு கடிக்கிறது, கீழே போவோம் என்றேன்.

இன்னொரு விஷயமும் அந்த ஐந்துக்கு ஐந்து அணிக்குள் இருக்கிறது. அதன் ஐகன் மதிப்புகளை (ஒருமுறை பெருக்கும்போது அணி எதை எத்தனை மடங்காக்குகிறது என்று சொல்லும் எண்கள்) கணக்கிட்டால் இரண்டு 1 வரும், இரண்டு முனைகளுக்கும் ஆளுக்கொன்று. அடுத்தது முக்கால். மொத்தம் நான்கு காய், 1-இலிருந்து கால் கழித்தால் முக்கால், தற்செயலான பொருத்தமில்லை இது. எத்தனை காய் இருந்தாலும் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறுபாடு (கைக்கு வரும் இரண்டு காய் வெவ்வேறு நிறமாக இருக்கும் வாய்ப்பு), சராசரியாக, காய்களின் எண்ணிக்கையில் ஒரு பங்கு தேய்கிறது. நான்கு காயென்றால் கால் பங்கு, இருநூறு காயென்றால் இருநூறில் ஒரு பங்கு. சின்ன இனக்கூட்டம் வேகமாகத் தேயும் என்ற வாக்கியம் இந்த ஒற்றை எண்ணில் அடங்கிவிடுகிறது.

நிஜ உயிரில் இப்படி நடக்குமா என்று பீட்டர் பியூரி என்பவர் செய்துபார்த்து 1956-ல் வெளியிட்டார். பழ ஈக்கள், 107 சிறு கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் 8 ஆண், 8 பெண். கண் நிறத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்களையும் சரிபாதியாக வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையிலும் கண்ணை மூடிக்கொண்டு 8 ஆண், 8 பெண் எடுத்து வளர்த்தார். 19 தலைமுறை கழித்து 30 கூட்டங்களில் ஒரு வடிவம் அழிந்துவிட்டது, 28 கூட்டங்களில் அதுவே முழுக்கப் பிடித்துக்கொண்டது, மீதியில் இரண்டும் இழுபறி. 30-க்கு 28, காசு சுண்டியது போலத்தான். ஆனால் சிதறிய வேகம் 16 ஈக்களுக்கான கணக்கைவிட அதிகமாக இருந்தது, 16-ஐவிடச் சின்ன எண்ணைப் போட்டால்தான் அணியோடு பொருந்தியது. அங்கேதான் விளைவுறு எண்ணிக்கை என்ற சங்கதி வருகிறது.

அதற்குக் கிண்டிக்குப் போவோம். சர்தார் படேல் சாலையில் நாம் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும் இடத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தேசியப் பூங்கா, சுமார் 2.7 சதுர கிலோமீட்டர், அதற்குள் வெளிமான்கள். ஊர் சுற்றிலும் அடைத்துக்கொண்டதால் வேறு காட்டிலிருந்து மான் தானாக வந்து சேர வழியில்லை, பை கட்டிய மாதிரி. வெளிமானில் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஒரு கிடா பல பெண் மான்களோடு சேரும், மற்ற கிடாக்கள் வேடிக்கை பார்க்கும். கணக்குக்காக, குட்டி போடும் மந்தையில் 10 கிடா, 90 பெண் என்று வைத்துக்கொள்வோம் (உண்மையான கணக்கெடுப்பு அல்ல). தலை எண்ணினால் 100. ஆனால் குட்டிகளின் மரபணுவில் பாதி அந்தப் பத்துக் கிடாக்களிடமிருந்துதான் வரவேண்டும். இதற்கான சூத்திரம்: ஆண், பெண் எண்ணிக்கைகளைப் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகு. 36 வரும். பார்வைக்கு 100 மான், அணியின் கண்ணுக்கு 36, இதுதான் விளைவுறு எண்ணிக்கை. வேறுபாடு பாதியாகக் குறைய 100 மானுக்கு சுமார் 138 தலைமுறை ஆகும், 36-க்கு சுமார் 50 போதும். காட்டுயிர்க்காரர்கள் எத்தனை மான் என்பதோடு நிறுத்தாமல் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று குடைவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது அந்தச் சிவப்புக் காய். எல்லாம் கறுப்பாகிச் செத்த பையில் ஒரு கறுப்பை எடுத்துவிட்டுச் சிவப்பைப் போடுங்கள். சடுதிமாற்றம், புதிதாக ஒரு வடிவம் பிறந்திருக்கிறது. இது முழுப் பையையும் பிடிக்க என்ன வாய்ப்பு? கால். அணி வைத்துச் செய்தாலும் அதுதான் வரும், யோசித்தாலும் அதுதான் வரும்: கடைசியில் நான்கு காயில் ஏதோ ஒன்றின் வாரிசுகள்தான் மிஞ்சப்போகின்றன, நான்கும் சமம், ஆளுக்குக் கால். ஒரு லட்சம் காய் இருந்தால் லட்சத்தில் ஒன்று. ஆனால் லட்சம் காய் இருக்கும் இடத்தில் சடுதிமாற்றம் பிறப்பதும் அந்த அளவுக்கு அதிகம். பெருக்கினால் மேலே இருக்கும் லட்சமும் கீழே இருக்கும் லட்சமும் அடிபட்டுப்போய்விடும், மிஞ்சுவது சடுதிமாற்ற வேகம் மட்டும். நல்லதும் கெட்டதும் செய்யாத மாற்றங்கள் ஓர் இனத்தில் நிலைபெறும் வேகத்துக்கும் அந்த இனம் எவ்வளவு பெரியது என்பதற்கும் சம்பந்தமே இல்லை! ஜப்பானின் மோட்டூ கிமுரா 1968-ல் முன்வைத்த நடுநிலைக் கோட்பாட்டின் உயிர்நாடி இது. முதல்முறை பார்த்தபோது எனக்கு ஏமாற்று வித்தை மாதிரிதான் இருந்தது, இரண்டு முறை போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

சடுதிமாற்றம் ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு பக்கமும் நடக்கும் என்று வைத்தால் அணியில் உறிஞ்சும் நிரைகள் காணாமல் போய்விடும், எந்த நிலையிலிருந்தும் வெளியே வரலாம். இயற்கைத் தேர்வு வேண்டுமா, வெள்ளை எடுபடும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டு நிரைகளைத் திரும்ப எழுதினால் ஆயிற்று. கூட்டத்தின் அளவே மாறினால்? இன்று நூறு காய், பஞ்சம் வந்து அடுத்த தலைமுறையில் ஆறு காய் என்றால் அந்த ஒரு படிக்கு அணி சதுரமாக இருக்காது, 101 நிரை, 7 நிரல் என்று ஆகிவிடும். பரவாயில்லை, பெருக்கலாம்.

கூட்டம் இப்படிச் சுருங்கிப்போவது நம் ஊருக்கு நெருக்கமான விஷயம். சிலரிடமிருந்து தொடங்கி, தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்ட ஒரு சமூகம் இன்று லட்சக்கணக்கில் பெருகியிருந்தாலும், மரபணுவில் அந்தப் பழைய சின்னப் பையின் தடம் இருக்கும். 2017-ல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரெய்க்கும் இடம்பெற்ற ஒரு குழு, தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களைப் பார்த்து, 81-இல் இந்தத் தடம் மிக வலுவாக இருப்பதாகக் காட்டியது. அவர்கள் எடுத்துக்காட்டிய சமூகங்களில் ஒன்றில், ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் ஒருவகைத் தசைத் தளர்ப்பு மருந்தை உடைக்கும் நொதி குறைவாக இருப்பவர்கள் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். அந்த வடிவம் உயர்ந்தது என்றோ தாழ்ந்தது என்றோ யாரும் பொறுக்கவில்லை, பையில் கைக்கு அகப்பட்டது.

இவ்வளவு சுகமாக இருக்கிறதே, பெரிய கூட்டத்துக்கும் இப்படியே போடலாமே என்றால், முடியாது. பத்தாயிரம் பேர் என்றால் 20,000 காய், 20,001 நிலை, அணியில் 40 கோடிக்கும் மேல் கட்டங்கள். நேர்மாறு எடுக்கச் சொன்னால் என் லேப்டாப் மூச்சுவிடாது. இங்கேதான் ஒரு புத்திசாலித்தனமான திருப்பம்: முன்னோக்கிப் போகாதே, பின்னோக்கிப் போ. எல்லாருடைய காயையும் தொடராதே, உன் கையில் மாதிரியாக இருக்கும் நான்கைந்து காய்களின் அம்மா யார், பாட்டி யார் என்று மட்டும் தேடு. பிரிட்டிஷ் கணிதர் ஜான் கிங்மேன் 1982-ல் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார்.

நான்கு காயை எடுத்துக்கொண்டு பின்னால் போனால், எப்போதோ இரண்டு பேருக்கு ஒரே முன்னோர் வருவார், நான்கு கிளை மூன்றாகும், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நிலைகள் 4, 3, 2, 1 அவ்வளவுதான், ஊரில் எத்தனை கோடிப் பேர் இருந்தாலும். நான்கு கிளையில் ஆறு ஜோடி, அதனால் ஏதோ ஒரு ஜோடி சீக்கிரம் சேர்ந்துவிடும், மூன்றில் மூன்று ஜோடி, இரண்டில் ஒன்றே ஒன்று. மொத்தக் காய்களின் எண்ணிக்கையை ஓர் அலகாக வைத்தால் சராசரிக் காத்திருப்பு ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று, பிறகு முழுசாக ஒன்று. மொத்தம் ஒன்றரை அலகு, அதில் மூன்றில் இரண்டு பங்கு கடைசி இரண்டு கிளைகள் ஒன்றுக்கொன்று காத்திருப்பதிலேயே போகிறது.

ஒரு நிலையில் கொஞ்ச நேரம், அடுத்ததில் கொஞ்ச நேரம், கடைசியில் வெளியேறு என்ற இந்த வடிவம் வேறு எங்கோ பார்த்தது போல இருக்கிறதா? கியூவில்தான். டென்மார்க்கின் எர்லாங் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகத் தொடங்கிய யோசனை, 1975-ல் மார்செல் நியூட்ஸ் அதை அணிகளின் மொழிக்கு மாற்றினார், ஃபேஸ்-டைப் பரவல் என்று பெயர். 2019-ல் ஹோபோல்ட், சிரி-ஜெகூஸ், பிளாட் ஆகிய மூவரும் இந்தக் கியூக் கணக்கை மரபணுக் கிளைகளுக்குப் பொருத்தி எழுதினார்கள். கிளை சேரும் நேரம், மரத்தின் மொத்த நீளம், அதில் விழும் சடுதிமாற்றங்களின் எண்ணிக்கை, எல்லாவற்றுக்கும் அதே நேர்மாறு அணி வந்து நிற்கிறது. வெட்டி எறி, கழி, நேர்மாறு எடு.

மனிதர்களுக்கே போட்டுப் பார்ப்போம். எந்த இரண்டு பிரதிகளை எடுத்தாலும் மரபணுத் தொடரில் சுமார் ஆயிரம் எழுத்துக்கு (டிஎன்ஏவின் A, C, G, T) ஒன்று வேறுபடும். ஒரு தலைமுறையில் ஓர் எழுத்து மாறும் வாய்ப்பு பத்துக்கோடியில் ஒன்றேகால் வாக்கில். இரண்டு கிளையிலும் மாற்றம் சேரும் என்பதால் இரண்டால் வகுத்தால், பொது முன்னோர் சராசரியாக 40,000 தலைமுறைக்கு முன். இரண்டு கிளைக்குக் காத்திருப்பு ஓர் அலகு, அலகு என்பது மொத்தக் காய், ஆளுக்கு இரண்டு காய், ஆக ஆள் 20,000. எண்ணூறு கோடிப் பேர் கொண்ட உலகம், அணியின் கண்ணுக்குச் சேப்பாக்கம் மைதானத்தைக்கூட நிரப்பாத கூட்டம். ஒரு காலத்தில் இருபதாயிரம் பேர்தான் இருந்தார்கள் என்று இதை வாசிக்கக்கூடாது. நீண்ட காலச் சராசரியில் எண்ணிக்கை சுருங்கிய காலங்களுக்கு எடை மிக அதிகம், வெளிமான் கதையில் பத்துக் கிடாக்கள் 90 பெண்களை இழுத்துப் பிடித்ததைப் போல.

செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். மேலே உள்ள ஐந்து நிரைகளையும் எக்செலில் அடித்து 256-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், பெருக்க எம்மல்ட் (MMULT), நேர்மாறுக்கு எம்இன்வர்ஸ் (MINVERSE). பைத்தான் தெரிந்தால் அதன் NumPy என்ற கணக்குத் தொகுப்பில் ஏழெட்டு வரி. முதலில் 4.55 வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் ஓரங்களில் உள்ள இரண்டு நிரை, இரண்டு நிரலை வெட்ட மறந்திருப்பீர்கள், நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன், நேர்மாறே இல்லை என்று எக்செல் கைவிரித்துவிட்டது. அண்ணன் மகள் மறுநாளே ஐந்தை 33 ஆக்கி பியூரியின் ஈக்களுக்குப் போட்டுவிட்டாள். இப்போது அவளுக்கு வேறு சந்தேகம்: பக்கத்து வளாகத்து மான் தலைமுறைக்கு ஒன்று சுவர் தாண்டி வந்தால் நிரைகளை எப்படி எழுதுவது? நிரைக்கு நிரை அந்த ஒரு மானின் இரண்டு காயையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.